வழக்கமான பெல்லட்டில் 11.7, லேசான பெல்லட்டில் 12.1: என் ரைஃபிள் சட்டத்துக்குள்ள இருக்கா?

பொருநைக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம், இப்போ இருக்கிறது இங்கிலாந்துல பீட்டர்பரோ. போன மாசம் செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஏர் ரைஃபிள் வாங்கினேன். வைராக் 97 கே, குழல் அளவு .177 அங்குலம், ஸ்பிரிங் வகை. வித்தவர் ரிட்டயர் ஆன பெரியவர். ஸ்பிரிங் எப்போ மாத்தினது, யார் திறந்து பார்த்ததுன்னு அவருக்கே ஞாபகம் இல்லை. ஆனா துப்பாக்கி பளபளன்னு இருக்கு, குறி சொன்ன இடத்துல விழுது.

ஞாயித்துக்கிழமை கிளப்ல குரோனோவுல, அதான் பெல்லட் வேகத்தை அளக்கிற கருவியில, வச்சுப் பார்த்தோம். நான் எப்பவும் போடுற 8.44 கிரெய்ன் (எடை அளவு) பெல்லட்டுக்கு வினாடிக்கு 790 அடி. கணக்குப் போட்டா சக்தி 11.7 ஃபுட் பவுண்ட். "சட்ட எல்லை பன்னெண்டுக்குள்ள இருக்கு, ஜாலியா இரு"ன்னு சொன்னாங்க. அப்போ பக்கத்துல இருந்தவர் தன் டப்பாவுல இருந்து தட்டைத் தலை பெல்லட் கொஞ்சம் கொடுத்து, இதையும் போட்டுப் பாருங்கன்னார். 7 கிரெய்ன்தான். 882 காட்டுச்சு. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டா 12.09 வருது. அன்னைல இருந்து தூக்கம் சரியில்லை.

நான் அந்த 7 கிரெய்னை வாழ்நாள்ல வாங்கப் போறதில்லை. என் பெல்லட்டுக்கு 11.7தானே, அப்போ நான் சட்டத்துக்குள்ளதானே? இன்னொண்ணு, கிளாஸ்கோவுல இருக்கிற நண்பன் கோடை லீவுக்கு ரைஃபிளோட வரச் சொல்றான். அப்புறம் ஊர்ல அப்பாவோட வாழைத்தோப்புல மயில் தொல்லை தாங்கலை, அவருக்கும் இப்படி ஒண்ணு வாங்கிக் கொடுக்கலாமான்னு ஒரு யோசனை. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஸ்பிரிங்பாண்டி

அண்ணே, இதுக்கா தூக்கம் போச்சு? 0.09 எல்லாம் ஒரு கணக்கா? நான் ஸ்லாவுல எட்டு வருஷமா வச்சிருக்கேன், ஒரு போலீஸ்காரர் வந்து குரோனோ வச்சதில்லை. 8.44 மட்டும் போடுங்க, அந்தத் தட்டைத் தலையை மறந்துடுங்க. முடிஞ்சது சோலி.

குறிகாரன்

தம்பி, பாண்டி சொன்னதைக் கேட்டுப்போட்டு நித்திரைக்குப் போயிடாதேங்கோ. எங்கட கிளப்பில குரோனோ மேசையில இருக்கிற ஆள் நான்தான். வாற துவக்கு எல்லாத்தையும் சுட்டுப் பாத்து எழுதி வைக்கிறது என்ர வேலை. அதால கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

முதல்ல சட்டம். இங்கிலாந்திலயும் வேல்ஸிலயும் 1968ஆம் ஆண்டுச் சுடுகலச் சட்டமும் அதுக்குக் கீழ 1969இல வந்த விதிகளும்தான் எல்லையைப் போடுது. றைபிளுக்கு 12 ஃபுட் பவுண்ட், பிஸ்டலுக்கு 6. ஜூலில சொன்னால் றைபிளுக்கு 16.27. நீங்கள் என்ன பெல்லட் போடுறனீங்கள் எண்டு சட்டம் கேக்கேல்லை. அந்தத் துவக்கால குழல் வாயில 12ஐத் தாண்ட ஏலுமோ எண்டுதான் கேக்குது. தாண்டுமெண்டால் அது எயார் றைபிள் எண்ட சலுகையை இழந்து, சேர்ட்டிபிகேட் வேண்டிய சுடுகலம் ஆகிப்போகும். சேர்ட்டிபிகேட் இல்லாமல் வச்சிருந்தால் உச்சத் தண்டனை அஞ்சு வருசம் மறியல், அதாவது சிறை. பிஸ்டல் 6ஐத் தாண்டினால் கதை இன்னும் மோசம், அது தடை செய்யப்பட்ட ஆயுத வகைக்கே போயிடும்.

பொலிஸ் எடுத்துக்கொண்டு போனால் ஆய்வுகூடத்தில உங்கட டப்பாவை மட்டும் போட்டுச் சுட மாட்டினம். பாரம் குறைஞ்சது, கூடினது எண்டு தங்களிட்ட இருக்கிறதையும் போட்டுத்தான் பாப்பினம். அதில ஒண்டு தாண்டினால் தாண்டினதுதான். "எனக்குத் தெரியாது ஐயா" எண்டதும் உதவாது. 1977இல ஹவல்ஸ் எண்டவரின்ர வழக்கு இருக்குது. தன்னட்ட இருந்த கைத்துவக்கு உண்மையான பழங்காலச் சாமான் எண்டு அந்த மனிசன் மனமார நம்பினவர், ஆனால் அது பழசைப் பாத்துச் செய்த நகல். நம்பினது உண்மையாயிருந்தும் மேல்முறையீட்டில தோத்தவர். வச்சிருந்தாலே குற்றம், மனசில என்ன இருந்தது எண்டு பாக்கிறதில்லை. பாண்டி, எட்டு வருசம் ஒருத்தரும் வரேல்லை எண்டது உங்கட அதிர்ஷ்டம், அனுமதி இல்லை. பொலிஸ் பொழுதுபோக்குக்கு வந்து குரோனோ வைக்காது. பக்கத்து வீட்டுக்காரன் வேலிச் சண்டையில ஒரு முறைப்பாடு போட்டால் அண்டைக்கு வைக்கும்.

இனி ஏன் இப்பிடி நடக்குது எண்டு பாப்பம். கணக்கு எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்: வேகத்தை வேகத்தால பெருக்கி, கிரெய்னால பெருக்கி, 450240ஆல வகுக்கிறது. 8.44 கிரெய்னுக்கு 800 வந்தால் சரியா 12. 10.34 கிரெய்னுக்கு அந்த எல்லை 723இலயே வந்திடும். இதைக் கனபேர் போனில போட்டு வச்சிருக்கினம். ஆனால் எந்த வகைத் துவக்கு எந்தப் பாரத்துக்குக் கூடச் சக்தி குடுக்கும் எண்டதைத்தான் யோசிக்கிறதில்லை.

உங்கடது ஸ்பிரிங். பிஸ்டன் முன்னுக்குப் பாஞ்சு காத்தை ஒரு நொடிப்பொழுதில நசுக்குது. லேசான பெல்லட் அந்த அழுத்தம் ஏறேக்கையே கிளம்பிப் போயிடும். பாரமானது கொஞ்சம் பிந்தித்தான் அசையும், அதுக்குள்ள பிஸ்டன் அந்தக் காத்தில மோதிப் பின்னுக்குத் துள்ளி, சக்தியில ஒரு பங்கு வீணாப்போகும். அதால கூடுதலான ஸ்பிரிங் துவக்குகள் லேசான பெல்லட்டிலதான் உச்சத்தைக் காட்டும். உங்கட துவக்கில 10.34ஐப் போட்டுப் பாருங்கோ, 700ஐ ஒட்டித்தான் வரும், கணக்கில 11.3 கூட வராது. ஒரே துவக்கு, ஒரே நாள், பெல்லட்டை மாத்தினால் 11.3இலயிருந்து 12.1 வரைக்கும் ஓடுது. எங்கட மேசையில நான் ஸ்பிரிங்குக்கு எப்பவும் ஒரு 7 கிரெய்ன் டப்பா வச்சிருக்கிறது அதுக்குத்தான். உங்களுக்குப் பெல்லட் தந்த அந்த மனிசனுக்கு ஒரு பியர் வாங்கிக் குடுங்கோ.

ஆனால் 12.09 எண்டதைக் கல்வெட்டு மாதிரியும் எடுக்காதேங்கோ. கிளப் குரோனோ வேகத்தில நூத்துக்கு ஒரு வீதம் பிழைச்சால் சக்தியில ரெண்டு வீதம் பிழைக்கும், ஏனெண்டால் வேகத்தை ரெண்டு தரம் பெருக்கிறம். உங்கட 12.09 உண்மையில 11.85ஆ இருக்கலாம், 12.33ஆவும் இருக்கலாம். அதே கணக்கில உங்கட 11.7உம் 11.93ஆ இருக்கலாம். இதை நினைச்சால்தான் எனக்கு வயித்தைக் கலக்குது. கனபேர் 11.9 எண்டதைப் பரீட்சையில நல்ல மார்க் எடுத்த மாதிரிச் சொல்லிக்கொண்டு திரியினம். நான் பாத்தவரைக்கும், எந்தப் பெல்லட் கூடக் காட்டுதோ அந்தப் பெல்லட்டில 11.2, 11.3 இருந்தால் காணும். 8.44இல 11.9க்கும் 11.3க்கும் உள்ள வித்தியாசம் வினாடிக்கு ஒரு 20 அடி. முயலுக்கும் அது தெரியாது, கடதாசி இலக்குக்கும் தெரியாது.

ஒரு கேள்வி: சுடேக்குள்ள குழலில புகை வந்ததோ? எரிஞ்ச எண்ணெய் மணம்? சத்தம் வழக்கத்தை விடச் சுள்ளெண்டு இருந்ததோ?

பொருநைக்காரன்

அண்ணே, படிச்சதும் வேர்த்துருச்சு, ஆனா ரொம்ப நன்றி. புகை பெருசா பார்க்கலை. வாசனை வந்துச்சு, கருகின மாதிரி. பழசுல அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன்.

குறிகாரன்

அப்ப பழைய சொந்தக்காரர் விக்க முதல் எண்ணெய் விட்டிருப்பார் எண்டுதான் நினைக்கிறன். வித்துப்போட்டுப் போற ஆக்கள் துவக்கு மினுங்கட்டும் எண்டு செய்யிற வேலை. பிஸ்டனுக்கு முன்னால எண்ணெய் போனால் காத்து நசுங்கிற சூட்டில அது பத்தி எரியும். டீசல் இஞ்சின் வேலை செய்யிறதும் இதே விதத்தாலதான், அதால எங்கட ஆக்கள் டீசலிங் எண்டுதான் சொல்லுவினம். வேகம் கண்டபடி ஏறும், சீலும் கெடும். புதுத் துவக்கிலயும் கொம்பனி கிறீஸ் எரிஞ்சு முடியுமட்டும் இந்தக் கூத்து இருக்கும்.

உங்கட 882, எண்ணெய் எரிஞ்சதால வந்ததோ ஸ்பிரிங்கால வந்ததோ எனக்கு இஞ்ச இருந்து சொல்ல ஏலாது. அந்த 7 கிரெய்ன் வேகங்கள் ஒண்டுக்கொண்டு எவ்வளவு வித்தியாசப்பட்டது எண்டு பாருங்கோ. 860, 905, 870 எண்டு துள்ளியிருந்தால் எண்ணெய். 880, 883, 882 எண்டு அடுக்கி வந்திருந்தால் ஸ்பிரிங்தான் பலம், துவக்கின்ர சக்தியை இறக்கத்தான் வேணும்.

எதுவாயிருந்தாலும் செய்ய வேண்டியது ஒண்டுதான். இனி அதைச் சுடாதேங்கோ, நீங்களாத் திறக்கவும் வேண்டாம். பதிவு பெற்ற துவக்கு வியாபாரி ஒருத்தருக்குப் போன் எடுத்து, இன்ன துவக்கு, லேசான பெல்லட்டில எல்லைக்கு மேல காட்டுது, கழட்டிச் சுத்தம் செய்து இறக்கித் தர வேணும் எண்டு சொல்லுங்கோ. எப்பிடிக் கொண்டு வாறது எண்டதையும் அவரையே கேளுங்கோ, அவர் சொல்லுற மாதிரிச் செய்யுங்கோ. அவைக்கு இது நாளாந்த வேலை, ஆச்சரியப்பட மாட்டினம்.

கிளைட்கரை

கிளாஸ்கோ கேள்விக்கு நான் பதில் சொல்றேன், சுருக்கமா. அப்படியே தூக்கிட்டு வந்துடாதீங்க. 2016 டிசம்பர் 31-ல இருந்து ஸ்காட்லாந்துல எல்லைக்குக் கீழ இருக்கிற சாதாரண ஏர் ரைஃபிளுக்கே சர்டிபிகேட் வேணும். இங்கிலாந்துல இருந்து விருந்தாளியா வர்றவங்களுக்கு விசிட்டர் பெர்மிட் இருக்கு, போலீஸ் ஸ்காட்லாந்துகிட்ட முன்கூட்டியே விண்ணப்பிக்கணும். எல்லை அதே 12தான், ஆனா 11.3 வச்சிருந்தாலும் காகிதம் இல்லைன்னா குற்றம். எல்லைப் பக்கத்து ஊர் கார்லைல் தாண்டினதும் சட்டம் மாறுதுன்னு வச்சுக்கோங்க. வட அயர்லாந்து இன்னும் கறார், அங்க 1 ஜூல் தாண்டினாலே சர்டிபிகேட்.

நொய்யல்

கோயம்புத்தூர்ல இருந்து எழுதறேனுங்க. ஊர்ல அப்பாவுக்கு வாங்கறது பத்தி.

இந்தியாவுல 2016-ல வந்த ஆயுத விதிகள்படி எல்லை 20 ஜூல், அதாவது உங்க ஊர் கணக்குல கிட்டத்தட்ட 14.75 ஃபுட் பவுண்ட். இங்கிலாந்தை விட நாம தாராளம்னு தோணும். ஆனா அதோட குழல் அளவும் .177-க்கு மேல போகக் கூடாதுங்க. .22 வாங்கினா சக்தி எவ்வளவு கம்மியா இருந்தாலும் லைசென்ஸ் வேணும். இங்க பாதிப் பேருக்கு இது தெரியறதில்லை, ஜூலை மட்டும் பேசிட்டு இருக்காங்க.

இன்னொரு ஏமாத்து, பெட்டி மேல "1000 எஃப்பிஎஸ்"னு, அதாவது வினாடிக்கு 1000 அடின்னு, கொட்டை எழுத்துல போடறது. எந்தப் பெல்லட்டுக்குன்னு போடறதில்லை. அரை கிராம் ஈயப் பெல்லட் நிஜமாவே அந்த வேகத்துல போனா 23 ஜூல், லைசென்ஸ் கேட்கும். 0.35 கிராம் லேசு உலோகப் பெல்லட்டுல அந்த வேகம் வந்திருந்தா 16 ஜூல்தான். அதனால கடைக்காரர்கிட்ட வேகத்தைக் கேட்காதீங்க, ஜூல் எத்தனை, எந்த எடைக்குன்னு கேளுங்க. பில்லுல எழுதித் தரச் சொல்லுங்க.

ஆனா அண்ணா, மயிலுக்குன்னு சொன்னீங்களே, அந்த யோசனையை இப்பவே விட்டுடுங்க. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல மயில் முதல் அட்டவணை. அங்க உங்க ஜூல் கணக்கை யாரும் பார்க்க மாட்டாங்க, 5 ஜூல்ல அடிச்சாலும் கேஸ்தான். அருணாசலப் பிரதேசத்துல 2021-ல ஏர் கன்னை ஒப்படைக்கச் சொல்லி அரசே இயக்கம் நடத்துச்சு, ஜனங்க தாங்களே கொண்டு வந்து கொடுத்தாங்க. லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியாலயே காடு காலியாகுதுன்னுதான் அது. அப்பாவுக்கு வலையும் மினுமினுக்கிற ரிப்பனும் வாங்கிக் கொடுங்க. சுடற ஆசை இருந்தா 10 மீட்டர் ரேஞ்சுக்குக் கூட்டிட்டுப் போங்க. கடலூர்ல பொறந்த இளவேனில் வாலறிவன் உலக மேடையில நின்னது அந்த 10 மீட்டர்லதான். அந்த மாதிரிப் போட்டி ரைஃபிள் பலதும் 7.5 ஜூல் பக்கம்தாங்க இருக்கும்.

ஸ்பிரிங்பாண்டி

சரி, குறிகாரன் அண்ணே, கொஞ்சம் பயம் வந்துருச்சு, ஒத்துக்கிறேன். பேருதான் ஸ்பிரிங்பாண்டி, இப்போ கையில இருக்கிறது பிசிபி, அதான் சிலிண்டர்ல காத்தை அடைச்சு வச்சுச் சுடுற வகை. 8.44-ல 775 காட்டுது, 11.26. நீங்க சொன்ன 11.3-க்குள்ள. லேசான பெல்லட்டையும் போட்டுப் பார்த்துட்டா நான் சேஃப்தானே?

குறிகாரன்

இல்லை பாண்டி, உங்களுக்குத் தலைகீழ். பிசிபியில அடைச்சு வச்ச காத்துத்தான் தள்ளுது, பிஸ்டன் துள்ளுற கதை அங்க இல்லை. பாரமான பெல்லட் குழலுக்குள்ள கூட நேரம் நிண்டு கூடத் தள்ளு வாங்கும். அதால பாரம் கூடக் கூடச் சக்தி ஏறும். 8.44இல 775 காட்டுற ஒரு பிசிபி 10.34இல 715 காட்டினால் அது 11.74. பாரமானதைத்தான் நீங்கள் போட்டுப் பாக்க வேணும். அதை விடப் பாரமானது விக்குது எண்டால் அதையும் போடுங்கோ.

அடுத்தது, உங்கடது றெகுலேற்றர், அதாவது வால்வுக்குப் போற காத்தழுத்தத்தை ஒரே அளவில வச்சிருக்கிற சாமான், உள்ளதோ இல்லாததோ? இல்லாததெண்டால், நிரப்பின கையோட சுட்டுப் பாத்திட்டு ஓகே எண்டு சொல்லக் கூடாது. சிலிண்டர் நிறைஞ்சு இருக்கேக்குள்ள அழுத்தம் வால்வை இறுக்கிப் பிடிக்கும், அது வடிவாத் திறக்காது, வேகம் குறைவாக் காட்டும். அழுத்தம் கொஞ்சம் இறங்கின பிறகுதான் வேகம் ஏறி உச்சத்துக்கு வரும், பேந்து விழும். அந்த உச்சம் எங்க வருதெண்டு பிடிக்க, முழுச் சிலிண்டரும் முடியுமட்டும் சுட்டு எழுத வேணும். எங்கட மேசையில ஆக்கள் பொறுமையிழக்கிற இடம் இதுதான். றெகுலேற்றர் இருந்தால் இந்த மேடு பள்ளம் இல்லை, ஆனால் அது பழசானால் இரவிரவா அழுத்தம் மெல்லமாக் கசிஞ்சு ஏறும். காலமை எடுத்த முதல் சூடு மட்டும் 25 அடி கூடிப் பாயும். கனபேர் அந்த முதல் சூட்டை "வோம் அப்" எண்டு எழுதாமல் விடுவினம். நான் அதைத்தான் முதல் எழுதுறது.

ஸ்பிரிங்பாண்டி

ரெகுலேட்டர் இல்லை. முதல் பத்துச் சூட்டோட நிறுத்திட்டுத்தான் 775-ன்னு சொன்னேன். இந்த வாரம் முழுச் சிலிண்டரும் காலி பண்ணி எழுதிப் போடுறேன், 10.34 டப்பாவும் வாங்கணும்.

பொருநைக்காரன்

அப்டேட். நார்தாம்ப்டன்ஷயர்ல ஒரு கன்ஸ்மித்கிட்டப் பேசிட்டேன். அவரே வந்து எடுத்துக்கிறேன், தன் ரிஜிஸ்டர்ல ஏத்திடுறேன்னு சொன்னார். காசு எவ்வளவுன்னு திறந்து பார்த்துட்டுச் சொல்வாராம். அப்புறம், அந்த 7 கிரெய்ன் வேகம் எல்லாம் 879-லிருந்து 884-க்குள்ளதான் இருக்கு, கிளப் நோட்ல போய்ப் பார்த்தேன். அப்போ ஸ்பிரிங்தான் போல. மயில் விஷயம் அப்பாகிட்டச் சொல்லிட்டேன், வலை விலை விசாரிக்கிறார்.

குறிகாரன்

அந்த இலக்கங்கள் ஸ்பிரிங் எண்டுதான் சொல்லுது. திருப்பித் தரேக்குள்ள ஸ்பிரிங் மாத்தினதோ வெட்டினதோ எண்டு கேளுங்கோ, மாத்தினதெண்டால் நல்லம். துவக்கின்ர இலக்கம், திகதி, என்னென்ன பெல்லட்டில என்ன வேகம் எண்டு றிசீற்றில எழுதி வாங்குங்கோ. 7 கிரெய்ன் கட்டாயம் அதில இருக்க வேணும். பிறகு கொஞ்ச நாள் சுட்டுப் புதுச் ஸ்பிரிங் படிஞ்சாப்போல கிளப்பில இன்னொருக்கா வச்சுப் பாருங்கோ, ஏனெண்டால் புதுச் ஸ்பிரிங் சில வேளை முதல் டப்பாவுக்குள்ளயே 10, 15 அடி மாறும். கன்ஸ்மித்தின்ர பெயரை எனக்குத் தனிமடலில போட்டு விடுங்கோ, எங்கட கிளப்பில ரெண்டு பேருக்கு ஆள் தேவைப்படுது.